வில்மின் இழுத்த கோடுகள்

பத்தொன்பது வருஷமாக டிசம்பர் ஐந்தாம் தேதி நான் ஆயர். மற்ற நாளெல்லாம் ஓய்வுபெற்ற குழாய் ரிப்பேர்காரன், பெயர் லாம்மர்ட். அந்த ஒரு நாள் மட்டும் சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, முழ உயரக் குல்லா, கையில் வளைந்த கோல். வீடு வீடாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பெரிய புத்தகத்தைத் திறப்பேன். இந்த வருஷம் யார் ஒழுங்காகப் பல் தேய்த்தது, யார் தம்பியைக் கடித்தது என்று வாசிப்பேன். ஸ்பெயினிலிருந்து பரிசு மூட்டையோடு வரும் ஆயர் சின்டர்கிளாஸுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று குழந்தைகள் வாயைப் பிளக்கும். பெற்றோர் முன்கூட்டியே எழுதி அனுப்பியதுதான். அப்படி வருவதை வாங்கி, அடுக்கி, புத்தகத்தில் ஏற்றித் தருகிறவள் வில்மின். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

வில்மினுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பகலில் நீர்வாரிய அலுவலகத்தில் வேலை. யார் வீடு மாறினார்கள், யார் செத்தார்கள் என்று பார்த்து விலாசங்களைத் திருத்த வேண்டும். சாயங்காலம், வீடுகளுக்குச் சின்டர்கிளாஸ் அனுப்புகிற எங்கள் சங்கத்துக்குச் சம்பளமில்லாத செயலாளர். கடைக்குப் போகச் சீட்டு எழுதினால்கூடக் கடையில் சாமான் அடுக்கியிருக்கிற வரிசையில்தான் எழுதுவாள். புருஷன் ஹார்ம் உருளைக்கிழங்கு மாவு ஆலையில் இயந்திரப் பராமரிப்பு. எட்டு வயதில் மாரிட் என்று ஒரு மகள். "எப்படி இருக்கே வில்மின்?" என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் "நல்லா இருக்கேன்" வந்துவிடும். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. எங்கள் டிரென்ட மாகாணத்து ஆட்கள் பொதுவாகவே வாய் திறக்காதவர்கள்தான். ஆனாலும் இவள் எங்களிலும் ஒருபடி மேல்.

இருபத்தெட்டுக் குடும்பம். இணையத்தில் உள்ள படிவத்தில் அவர்கள் எழுதுவார்கள். அதைப் பார்த்து வில்மின் சங்க உறுப்பினர் செயலியில் ஒருமுறை, வண்டி போகும் வழி போடுகிற செயலியில் ஒருமுறை, புத்தகப் பக்கத்தில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் தட்டச்சு செய்வாள். ஒரு வருஷம் ஓரிடத்தில் விலாசத்தை மாற்றி இன்னோரிடத்தில் விட்டுவிட்டாள். நான் போய்க் கதவைத் தட்ட, உள்ளாடையோடு ஒரு கிழட்டுப் பிரம்மச்சாரி திறந்தான். "இந்த வீட்டுல சமத்துப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று ஆயர் குரலில் கேட்டுத் தொலைத்தேன். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் மூன்று வருஷம் சிரித்தது. வில்மின் மட்டும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் நடந்த வருஷம் அக்டோபரில் என்னை ஊர் மன்றத்துக்குக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினாள். ஒரு செயலியையும் இன்னொரு செயலியையும் தானாகவே பேசவைக்கிற சேவை ஒன்றைப் பிடித்திருந்தாள்.

"பாரு லாம்மர்ட். இந்தப் பக்கம் படிவத்துப் பெட்டிங்க. அந்தப் பக்கம் புத்தகத்துப் பெட்டிங்க. எதுலேர்ந்து எதுக்குப் போகணுமோ ஒரு கோடு இழுத்தா போதும். நிரல் கிரல்னு ஒரு வரி எழுத வேணாம். யாராவது விலாசம் மாத்தினா மூணு எடத்துலயும் தானா மாறிடும்."

"கோடு மாறிப் போச்சுன்னா?"

"நீ குழாய மாத்தி மாட்டுவியா?"

"ஒரு தடவ மாட்டியிருக்கேன். மூணாவது மாடி கக்கூஸ்ல வெந்நி வந்துச்சு."

"அதான் நீ குழாய்க்காரன், நான் செயலாளர்" என்றாள். அவள் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் செயலாளர் போட்ட இரண்டு சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அச்சில் உள்ளதை மட்டும் வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு கூடாது. அது என்னால் வந்த சட்டம். ஒரு வீட்டில் உற்சாகம் மிஞ்சி ஒரு பையனுக்கு மட்டக்குதிரை தருவதாகச் சொல்லிவிட்டேன்; அவன் அப்பா என்னோடு இன்னும் பேசுவதில்லை. இரண்டு, ஃபோன் கூடாது. அங்கிக்குள் ஃபோன் அடித்தால் ஆயர் கதை கந்தல். ஆகவே நான்கு சின்டர்கிளாஸும் மூட்டை தூக்கும் துணைகளும் கிளம்புமுன் ஃபோன்களை மன்றத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். வில்மினும் தன்னுடையதை அதில்தான் போடுவாள், நியாயத்துக்கு.

டிசம்பர் ஐந்து, மூன்றரை மணிக்கு எனக்கு மூன்றாவது வீடு. மூட்டை தூக்குவது என் மனைவி ஹென்னி, புகைபோக்கி வழியே இறங்குகிற துணையாள் வேஷத்துக்காக முகத்தில் நாலு கரிக்கோட்டோடு. யோரின் என்று ஆறு வயதுப் பெண் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் மாமன்மார், அத்தைமார், பதினைந்து பேர். நான் புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கணீரென்று வாசித்தேன்:

"யோரின் இன்னும் படுக்கையை நனைக்கிறாள். மாமன்கள் முன்னால் இதைப் பற்றிப் பேச..."

அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சட்டென்று நிறுத்தினேன். அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு மாமன் மட்டும் களுக்கென்றான், அவன் பெண்டாட்டி அவனை ஒரு குத்து குத்தினாள். குழந்தையின் முகம் கழுத்துவரை சிவந்தது. அழக்கூட இல்லை, நேராக மேசைக்கு அடியில் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

ஹென்னிதான் காப்பாற்றினாள். மூட்டையைத் திறந்து மசாலா பிஸ்கட்டை அறை முழுக்க வாரி இறைத்தாள். பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்க, நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதில் அடுத்த வீட்டுக்காரர்கள்: 'நாங்கள் இரண்டு பேரும் இப்போது தனித்தனி அறை. பிள்ளைகளுக்குத் தெரியாது.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கடுத்த பக்கத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

யோரினின் அம்மா என் அங்கியைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"லாம்மர்ட், உனக்கு மூள இருக்கா? அத நான் சங்கத்துக்காரங்க மட்டும் பாக்கற அந்த 'எங்களுக்கு மட்டும்' பெட்டியிலல்ல எழுதினேன்! புள்ளைங்க சேதி எழுதற பெட்டி வேறயாச்சே!"

"ஃபோனக் குடும்மா, சீக்கிரம்" என்றேன்.

மன்றத்து எண்ணைப் போட்டேன். வில்மின் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கியா?"

"தரைவழி ஃபோன்" என்றாள். அவள் குரல் அவளுடையது போலவே இல்லை. "நவம்பர் இருவதாம் தேதி அந்தப் பெட்டியத் தூக்கிட்டேன். யாரு வீட்லயும் இப்ப தரைவழி ஃபோன் இல்லையேன்னு. கீழ இருந்த பெட்டியெல்லாம் ஒரு படி மேல ஏறிடுச்சு. கோடு எடத்துலயே நின்னுடுச்சு. புள்ளைங்க சேதி எல்லாம் உறுப்பினர் பட்டியல்ல அந்தத் தரைவழி நம்பர் எடத்துல கெடக்கு. எங்களுக்கு மட்டும் எழுதினது புத்தகத்துக்குப் போயிடுச்சு. முதல் பதினெட்டுப் பக்கத்தத்தான் நான் சரிபார்த்தேன். அதெல்லாம் இருவதுக்கு முன்னாடி வந்தது."

"அதுக்கப்புறம் வந்தது எத்தன?"

"பத்து."

நாலு புத்தகம். மூன்று புத்தகம் இந்த நிமிஷம் யார் யார் வீட்டுக் கூடத்திலோ திறந்து கிடக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்களிடம் ஃபோன் கிடையாது. ஹென்னி வேனை எடுக்க, ஐந்து நிமிஷத்தில் மன்றத்துக்குப் போய்விட்டோம்.

அதற்குள் வில்மின் மன்றத்து ஃபோனிலிருந்து அந்தந்த நேரத்துக்குரிய வீடுகளைக் கூப்பிட்டு இரண்டு சின்டர்கிளாஸ்களை நிறுத்தியிருந்தாள். இருவரையும் அந்தந்த வீட்டு அடுக்களைக்கு ஃபோனில் வரவழைத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா பொத்தாம்பொதுவாகப் பாராட்டச் சொல்லியிருந்தாள். மிச்சம் ரூலோஃப். அவன் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஒப்பந்தம் வாசித்தவன். அச்சில் இருக்கும் கமாவைக்கூட விடமாட்டான். சட்டத்தைச் சட்டமாகவே பின்பற்றுகிற ஒரே ஆள் எங்களில் அவன்தான்.

"ரூலோஃப் இப்ப எந்த வீட்ல?" என்றேன்.

அவள் பட்டியலைப் பார்த்து எண்ணைப் போட்டாள். பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு ஃபோன் அடித்தது. வில்மின் டப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"என் நம்பர்" என்றாள். "அது எங்க வீடு."

அவள் வீடும் அந்தப் பத்தில் ஒன்று. ஹார்முக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மாமனாருக்கு, தங்கைக்கு, ஒருவரும் எடுக்கவில்லை. சின்டர்கிளாஸ் வரும்போது வீட்டில் எல்லா ஃபோனும் மேல்மாடி அலமாரிக்குப் போக வேண்டும் என்று அங்கேயும் சட்டம் போட்டவள் அவள்தானே. குளிர்ச்சட்டையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடி எங்கள் வேனில் ஏறினாள்.

"மாமியாரப் பத்தி ஏதாச்சும் எழுதிட்டியா?" என்று ஹென்னி வண்டியைத் திருப்பியபடி கேட்டாள். "விடு. ஊர்ல பாதிப் பேரு அதத்தான் எழுதறாங்க. ஒரு கேக் வாங்கிக் குடுத்தாச் சரியாயிடும்."

"ஹார்முக்கு வேல போயிடுச்சு" என்றாள் வில்மின். "ஆகஸ்ட்லேர்ந்து. தெனமும் காலைல கிளம்பிப் போறான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. அத எழுதியிருக்கேன்."

ஹென்னி வண்டியை விரட்டினாள். நானும் போன வாரம்தான் ஹார்மிடம் "ஆலை எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான். பாவி, பொய்கூடச் சொல்லவில்லை.

கால்வாய்ப் பாலம் தூக்கியிருந்தது. ஒரு மணல் படகு ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் முன்னால் சைக்கிளில் நின்ற நாலைந்து பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டன. "சின்டர்கிளாஸ்! சின்டர்கிளாஸ்!" என்று குதித்தன. வேனின் பின்சீட்டில் வில்மின் தன் முழங்காலைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் வெள்ளைக் கையுறையை ஆட்டிச் சிரித்தேன். அந்தப் படகுக்காரனை என் வாழ்நாளில் மன்னிக்க மாட்டேன்.

வீட்டை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டு ஜன்னலுக்கும் திரை போட மாட்டார்கள். தெருவிலிருந்தே தெரிந்தது: ரூலோஃப் நாற்காலியில், மடியில் புத்தகம், திறந்தபடி. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை வரவேற்றுப் பிள்ளைகள் பாடுகிற பாட்டு முடிந்துவிட்டது.

எல்லோரும் போகிற பின்வாசல் வழியாக ஓடினோம். நான் பின்கட்டோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. ஊரில் ஆயிரம் அநியாயம் நடக்கலாம், ஓர் அறையில் இரண்டு சின்டர்கிளாஸ் இருக்கக்கூடாது. குல்லாவைக் கழற்றித் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டு, சேற்றுச் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். ஹென்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வில்மின் அடுக்களையைக் கடந்து கூடத்துக் கதவைத் திறந்தாள். ரூலோஃபின் குரல் கணீரென்று வந்தது. நிறுத்தி நிறுத்தி, பத்திரம் வாசிப்பது போல.

"...செயலிகளை இணைத்துச் சோதிக்க என் தொடர்புகளுக்கெல்லாம் ஓர் அஞ்சல் அனுப்பினேன். ஹார்மின் ஆலை முகவரியிலிருந்து மட்டும் திரும்பி வந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று. ஆலைக்கு ஃபோன் செய்தேன். ஆகஸ்ட் மாதமே போய்விட்டார் என்றார்கள். அவன் தினமும் ஆறரைக்குக் கிளம்புகிறான். நான் தினமும் கையசைக்கிறேன். எனக்கு..."

"ரூலோஃப், நிறுத்து!" என்றாள் வில்மின்.

அவன் நிறுத்தினான். அவனுக்கே அப்போதுதான் தான் வாசித்தது விளங்கியிருக்க வேண்டும். "அச்சில இருக்கு வில்மின்" என்று முனகினான். ஆயர் குரல் போய்க் காப்பீட்டுக் குரல் வந்துவிட்டது.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஹார்மின் அப்பாவாக இருக்கும். பிறகு மாரிட்டின் குரல் கேட்டது, மெல்லியதாக, நடுங்கிக்கொண்டு.

"சின்டர்கிளாஸ், அப்பா பேரு ஏன் உங்க புத்தகத்துல இருக்கு? அப்பா தப்புப் பண்ணினாரா? கெட்ட புள்ளைங்கள மாதிரி மூட்டைல போட்டு ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

ரூலோஃப் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவன் பக்கத்தில் அதற்கு ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை. நான் உள்ளே போகத் துடித்தேன். ஹென்னி என் அங்கியை இறுக்கிப் பிடித்தாள்.

"தப்புத்தான் மாரிட்" என்றான் ஹார்ம். "அப்பா பொய் சொன்னேன். ஆனா என்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. நீ வா, சித்திகிட்ட உக்காரு. பரிசெல்லாம் பாரு."

பிறகு அவன் காலடிச் சத்தம் அடுக்களைக்கு வந்தது. வில்மினும் வந்தாள். கூடத்துக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இடுக்கு விட்ட ஒரு மரக்கதவு. நாங்கள் அங்கே இருப்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஓட்டுக்கேட்பது அசிங்கம்தான். வெளியேறினால் கதவு சத்தம் போடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"செப்டம்பர் கடைசியிலேர்ந்து."

"தெனமும் கையாட்டினியே. தெனமும் 'இன்னிக்கு வேல எப்படி'ன்னு கேட்டியே."

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

"எங்கிட்டக் கேக்க மாட்டே. ரூலோஃப்கிட்டச் சொல்லுவே. சங்கத்துக்கே சொல்லுவே!" அவன் குரல் உயர்ந்தது. "யாருக்குடி எழுதினே அத? லாம்மர்ட்டுக்கா? எல்லாரும் உக்காந்து படிச்சுச் சிரிச்சீங்களா?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாம யாராவது எழுதுவாங்களா?"

"'எங்களுக்கு மட்டும்'னு ஒரு பெட்டி இருக்கே, ஹார்ம்" என்றாள் அவள். "அத நான் மட்டுந்தான் படிப்பேன். வேற யாருக்கும் அந்தத் திரை வராது. எங்களுக்குன்னா அது நான்தான். நம்ம வீட்டுப் படிவத்த நிரப்பிக்கிட்டே வந்தேன், அந்தப் பெட்டி வந்ததும் கை பழக்கத்துல எழுதிடுச்சு. அப்புறம் என் திரைல அது வரல. அனுப்பும்போது தொலைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. பதினோரு வருஷம் இவளோடு சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "நல்லா இருக்கேன்" என்றவுடன் சரியென்று நகர்ந்துபோன ஆட்களில் நானும் ஒருத்தன்.

"பழக்கம்னா?" என்றான் ஹார்ம்.

அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"வில்மின். பழக்கம்னா என்ன அர்த்தம்?"

"படிவம் வருஷம் முழுக்கத் திறந்துதான் இருக்கு" என்றாள். "'சோதனை'ன்னு ஒரு குடும்பப் பேரு போட்டுப்பேன். அந்தப் பேர்ல வந்தா புத்தகத்துக்குப் போகாது. மூணு வருஷமா எழுதறேன். அம்மா செத்தப்போ. அந்த ரெண்டாவது புள்ள தங்காமப் போனப்போ. நீ என்கூடப் பேசாம இருந்த அந்த மாசம் முழுக்க."

ஹென்னி அழ ஆரம்பித்துவிட்டாள். கன்னத்துக் கரி கரைந்து தாடைவரை வழிந்தது. இரண்டாவது பிள்ளை என்று ஒன்று உண்டானதே எங்கள் யாருக்கும் தெரியாது.

"அதெல்லாம் எங்க இருக்கு?"

"மன்றத்துக் கணினியில."

"அச்செடுத்துக் குடு" என்றான் ஹார்ம். "எல்லாத்தையும். ஒண்ணு விடாம."

அது கோபமா, கெஞ்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப்பின் அவனும் அழுதான் என்று மட்டும் தெரியும்; ஆண்பிள்ளை அழுகை மரக்கதவுக்கெல்லாம் அடங்காது. நாங்கள் குல்லாவை எடுத்துக்கொண்டு பூனை போல வெளியே வந்தோம். எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. புத்தகத்தை வேனிலேயே போட்டுவிட்டுப் போய், எல்லாப் பிள்ளைகளையும் நல்ல பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு வில்மின் மன்றத்துக்கு வந்தாள். முதலில் யோரின் வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். பிறகு கணினியைத் திறந்து அச்சு இயந்திரத்தை ஓடவிட்டாள். ஹார்ம் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தான். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் காகிதம் தீர்ந்துபோய், நான்தான் கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வந்தேன்.